கை நடுங்கியது, கற்பூரம் ஏற்றினார்கள்

திருப்போரூர் முருகனை நம்பிக் கிடக்கிற அன்பர்களுக்குப் புதுப்பட்டினம் ஏழுமலையின் வணக்கம். இதை எழுதாதே, கேவலம் என்று தெருவில் பலர் சொன்னார்கள். எழுது என்று என் மனைவி அலமேலு சொன்னாள். எங்கள் வீட்டில் யார் பேச்சு நிற்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

2003-ஆம் வருஷம், ஆடிக் கிருத்திகைக்கு மாலை போட்டிருந்த நேரத்தில், நான் செத்துப்போக இருந்தேன். பல வருஷம் ராணுவத்தில் லாரி ஓட்டியவன் நான். குண்டு என்னைத் தொடவில்லை. பனிச்சரிவு என்னைப் பார்த்தும் பாராததுபோல் போய்விட்டது. கடைசியில் எங்கள் குருசாமி வீட்டுக் கூடத்தில், பகல் வெளிச்சத்தில், ஒரு கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது சாக இருந்தேன். அவர்கள் கும்பிட்டது என்னைத்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தேன். மாமல்லபுரம் போகிற சாலையில் ஒரு விடுதியில் காவல் வேலை. நாட்டின் எல்லையைக் காத்தவன் ஒரு நீச்சல் குளத்தின் எல்லையைக் காத்தேன். அதிலும் ஒரு நாய் ஊடுருவிவிட்டது, அது வேறு கதை.

ராணுவத்திலிருந்து வந்தவனுக்கு கேன்டீனில் மாதாமாதம் ரம் கிடைக்கும். பனிமலையில் குளிருக்கு என்று பழகியது. புதுப்பட்டினத்தில் ஏது குளிர்? வேர்வைக்கும் அதையே குடித்தேன். முதலில் சாயங்காலம் மட்டும். பிறகு சாப்பாட்டுக்கு முன்னால். பிறகு பல் தேய்ப்பதற்கு முன்னால். எழுந்தவுடன் கை நடுங்கும். ஒரு மடக்கு உள்ளே போனால்தான் சட்டைப் பொத்தானை மாட்ட முடியும். இதையும் வேடிக்கையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "இன்ஜின் பழசு, காலைல கொஞ்சம் பெட்ரோல் ஊத்துனாதான் ஸ்டார்ட் ஆவும்" என்பேன். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அலமேலு மட்டும் சிரிக்க மாட்டாள்.

அந்த வருஷம் கோடையில் செங்கல்பட்டில் எங்களைப் போன்ற முன்னாள் ராணுவத்தினருக்கு ஒரு மருத்துவ முகாம் நடந்தது. அங்கே படித்துக்கொண்டிருக்கும் ஒரு டாக்டர் பெண் உட்கார்ந்திருந்தாள். ராணுவத்திலிருந்து வந்தவர்களின் குடியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். எவ்வளவு குடிப்பீர்கள், எப்போது குடிப்பீர்கள் என்று கேட்டாள். நான் விடுவேனா? "நா குடிக்கிறதே இல்ல டாக்டரம்மா. மருந்து மாதிரி வேளைக்கு வேளை சாப்பிடறேன்" என்றேன். பக்கத்து நாற்காலிக்காரர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் என் விரல்களை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். பிறகு என்னை விட்டுவிட்டு, கூட வந்திருந்த அலமேலுவிடம் பேசினாள். "இவர் ஒரு நாள் திடீர்னு விட்டுடறேன்னு சொல்வாரு. சந்தோஷப்பட்டு வீட்ல உக்கார வச்சிடாதீங்கம்மா. எங்ககிட்ட கூட்டிட்டு வாங்க. இவ்வளவு குடிச்சவங்க தானா நிறுத்தினா உயிருக்கே ஆபத்து" என்றாள்.

வெளியே வந்ததும் எனக்கு ஒரே கொண்டாட்டம். பார்த்தாயா, குடிக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்று பஸ் வரும்வரை அலமேலுவைச் சீண்டினேன்.

பிறகு ஆனி மாதத்தில், கேன்டீன் வரிசையில் எப்போதும் எனக்கு முன்னால் நிற்கும் நண்பர் ஒருவர் ரத்த வாந்தி எடுத்து இறந்துபோனார். பாடை தூக்கியவர்களில் நானும் ஒருவன். என் தோளில் அந்த மூங்கில் ஆடிக்கொண்டே வந்தது. அவர் கனம் ஒன்றுமில்லை. ஆடியது என் கை. அடுத்த இடம் யாருக்கு என்று அப்போது புரிந்தது. பயந்துவிட்டேன். அன்பர்களே, அவ்வளவு பயம் எனக்குப் பாகிஸ்தான் எல்லையில்கூட வந்ததில்லை.

பயந்தவன் ஓடுகிற இடம் ஒன்றுதானே. குருசாமியிடம் போனேன். எங்கள் தெருவிலிருந்து ஆடிக் கிருத்திகைக்குத் திருப்போரூர் வரை காவடி எடுத்து நடந்து போகிற கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். மீன் ஏற்றும் வேன் வைத்திருக்கிறார். மாலை போட்டால் குடி கூடாது. நம் பக்கத்தில் எத்தனை ஆண்கள் அந்த ஒரு காரணத்துக்காகவே மாலை போடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். முருகன் நம் கழுத்தில் கட்டுப்போட்டால் பாட்டில் எங்கே வரும்? நானும் அப்படித்தான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் கடலில் குளித்து மாலை போட்டுக்கொண்டேன். வீட்டில் இருந்த பாட்டிலை நானே மண்ணில் கவிழ்த்தேன். அலமேலு செங்கல்பட்டுக்குப் போகலாம் என்றாள். மாலை போட்டவனை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுகிறாயே, முருகன் மேல் உனக்கு நம்பிக்கை இல்லையா என்று வாயை அடைத்தேன். சாமி பேரைச் சொன்னால் அவள் என்ன பேசுவாள்?

மறுநாள் கை மட்டும் இல்லை, தாடையும் நடுங்கியது. உடம்பெல்லாம் வேர்வை. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. சுவரில் எறும்பு ஊர்ந்தது. துடைக்கப் போனால் சுவர் சுத்தமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குடிக்கு ஏங்குகிறான் என்று சிரிப்பார்களே. ஊரைச் சிரிக்க வைத்தே பிழைத்தவனுக்கு அன்று மட்டும் வெட்கம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை குருசாமி வீட்டில் பஜனை. பெண்கள் பின்கட்டில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் பம்பை அடிக்க ஆரம்பித்ததும் என் உடம்பு தூக்கிப்போட்டது. பல் கிடுகிடுவென்று அடித்தது. எழுந்து வெளியே போய்விடலாம் என்று பார்த்தால் கால் நிற்கவில்லை. தடுமாறி நடுக்கூடத்தில் விழுந்தேன். அவ்வளவுதான். யாரோ "அரோகரா" என்றார்கள். பம்பை இன்னும் வேகமானது. என் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். கன்னிச்சாமிக்கு மாலை போட்ட மூன்றாம் நாளே அருள் வந்துவிட்டது என்று குருசாமிக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

எனக்குத் தெரியும், அது முருகன் இல்லை. அந்தக் கூடத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தின் சட்டத்துக்குள்ளிருந்து எறும்புகள் சாரை சாரையாக இறங்கி என்னை நோக்கி வந்தன. நெஞ்சு உடைந்துவிடும்போல் அடித்தது. வழக்கப்படி தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு குருசாமி என் முன்னால் குனிந்தார். "வந்து கீறது யாரு சாமி? பேரச் சொல்லணும்" என்றார்.

நாக்கு ஒட்டிக்கொண்டது. கஷ்டப்பட்டு, "சாமி இல்ல அண்ணாத்த... ஆஸ்பத்திரி... ஆஸ்பத்திரி" என்றேன்.

வரிசையில் முன்னால் நின்றிருந்த மீன் விற்கிற அம்மா ஒருவர் வெலவெலத்துப்போய், "யாருக்கு சாமி ஆஸ்பத்திரி? எங்க வூட்டுக்காரருக்கா?" என்று கேட்டார். நான் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். தலை ஏற்கனவே எல்லாப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்ததால் அது ஆமாம் என்றும் தெரிந்திருக்கும். அந்த அம்மா அழ ஆரம்பித்தார். பின்னால் யாரோ, "ஏழுமல மேல வந்தா முருகன்கூட தமாஷ் பண்றாரு மச்சான்" என்று சொன்னது காதில் விழுந்தது. சிலர் பக்தியோடு சிரித்தார்கள்.

அன்பர்களே, வருஷக்கணக்காக நான் சேர்த்து வைத்த பேர் அன்று என் கழுத்தைப் பிடித்தது. எனக்கு உடம்பு சரியில்லை என்று நிஜமாகச் சொன்னாலும் அது விளையாட்டு. சாமியாக இருந்தால் திருவிளையாடல். அருள் உண்மைதானா என்று பார்க்கக் கற்பூரத்தை நாக்கில் வைக்க வேண்டும் என்று ஒரு கிழவர் சொல்ல, இரண்டு பேர் என் தாடையைப் பிடித்தார்கள். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் நான் வாழ்நாளில் முதல் தடவையாக ஒழுங்காகப் பிரார்த்தனை செய்தேன். வாயால் இல்லை. முருகா, இது நீ இல்லை என்று நீயே வந்து இவர்களுக்குச் சொல். நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அவ்வளவுதான் கேட்டேன். மன்னிப்புக்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

கண்ணைத் திறந்தால், பின்கட்டு வாசலில் சாம்பார் கரண்டியோடு அலமேலு நிற்கிறாள். சத்தம் கேட்டு வந்திருக்கிறாள்.

அவளை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து "சுபேதார் சாப்" என்றுதான் கூப்பிடுவேன். நான் ஹவில்தாராக ஓய்வு பெற்றவன், வீட்டில் எனக்கு மேலதிகாரி அவள் என்று கணக்கு. அன்று என் வாயில் அது வரவில்லை. "அலமேலு" என்றேன். "அலமேலு, என்ன விட்டுடாத."

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வந்த வேகத்தில் கற்பூரத் தட்டைக் கரண்டியால் ஒரு தட்டு தட்டினாள். தட்டு உருண்டு ஓடியது. பம்பை நின்றது.

"இது சாமி இல்ல. எங்க வூட்டுக்காரரு. உயிர் போவுது அவருக்கு" என்றாள்.

குருசாமிக்குக் கோபம். "மாலை போட்டவன வூட்டு பொம்பள தொடலாமா? இன்னா பண்றே நீ? தெய்வக் குத்தம் ஆயிடும்மா" என்றார்.

அவள் என் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "அந்த டாக்டரு பொண்ணு இதத்தான் சொல்லிச்சி. தானா நிறுத்துனா இப்டி ஆவும்னு. நான்தான் வாய மூடிகினு இருந்துட்டேன். குத்தம்னா முருகன் என்ன கேக்கட்டும், நா பதில் சொல்லிக்கிறேன். நீ வண்டிய எடு அண்ணாத்த."

குருசாமி ஒரு நிமிஷம் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார்.

மாலை போட்டு மீன் வாடையே ஆகாது என்றிருந்தவன், மீன் வேனில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனேன். அந்தக் குளிர் பட்டதும் எனக்குப் புத்தி முழுசாகப் பேதலித்துவிட்டது. பனிமலையில் லாரி போகிறது, சக்கரம் வழுக்குகிறது, பக்கத்தில் பாதாளம். பிரேக் போடு, பிரேக் போடு என்று கத்தினேனாம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வலிப்பு வந்தது. எனக்கு அது நினைவில்லை. அலமேலுவுக்கு நினைவிருக்கிறது. இன்றைக்கும் அந்த இடத்தில் பஸ் போனால் அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், சலைன் ஏற்றினார்கள், கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். நான் டாக்டருக்கு சல்யூட் அடித்தேன் என்றும், நர்ஸம்மாவிடம் லீவு கேட்டேன் என்றும் சொல்கிறார்கள். தெளிந்தபோது வாரம் மாறியிருந்தது. கழுத்தைத் தடவினேன். மாலை இருந்தது. கழற்ற வேண்டுமா என்று அலமேலு கேட்டாளாம். அது பாட்டுக்கு இருக்கட்டும், எங்கள் வேலைக்கு அது இடைஞ்சல் இல்லை என்றாராம் டாக்டர். இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டேன் என்றும் சொன்னார். அதைக் கேட்டுத்தான் நான் அழுதேன்.

முருகன்தான் உன் உருவத்தில் வந்தார் என்று அலமேலுவிடம் சொன்னேன். "முருகன் வந்தா மயில்ல வந்திருப்பாரு. அந்த மீன் நாத்தம் எனக்கு மிச்சமாயிருக்கும்" என்றாள். ஆனால் போகிற வழியெல்லாம் வேலுண்டு வினையில்லை என்று அவள் வாய் ஓயவில்லை என்று குருசாமி பிறகு சொன்னார். நான் கேட்டதும் அவள் கேட்டதும் ஒரே இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

அந்த வருஷம் நான் காவடி எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. மாத்திரை சாப்பிட்டேன். செங்கல்பட்டில் குடியை விட்டவர்கள் வாரம் ஒருநாள் கூடி உட்கார்ந்து பேசும் இடம் ஒன்றை அந்த டாக்டர் பெண்தான் காட்டினாள். அதில் என்னைப் போல் ராணுவத்துக்காரர்கள் சிலரும் உண்டு. முதல் நாள் போய் ஒரு நகைச்சுவை சொன்னேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டேன். அவள் ஆராய்ச்சிக்கும் மறுபடி போய் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். இன்றுவரை ஒரு சொட்டுத் தொடவில்லை. நாளைக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. அந்தப் பயத்தை முருகன் எடுக்கவில்லை. எடுக்க வேண்டாம் என்றே வேண்டிக்கொள்கிறேன்.

இப்போது எங்கள் குருசாமி யாருக்கு மாலை போட்டாலும் முதலில் இரண்டு கையையும் நீட்டச் சொல்கிறார். நடுங்கினால் மாலையைத் தட்டிலேயே வைத்துவிடுகிறார். "முதல்ல ஏழுமலகூட செங்கல்பட்டு போயிட்டு வா. முருகன் எங்கயும் போவ மாட்டாரு" என்கிறார்.

ஆகவே அன்பர்களே, இதைப் படிக்கிறவர்களில் எழுந்தவுடன் சட்டைப் பொத்தான் மாட்ட முடியாதவர் யாராவது இருந்தால், முருகனைக் கூப்பிடுங்கள். அவர் வருவார். டாக்டராக வந்தால் டாக்டரிடம் போங்கள், மனைவியாக வந்தால் மனைவி பேச்சைக் கேளுங்கள். வீட்டுக்குள்ளே கதவைச் சாத்திக்கொண்டு தனியாக மட்டும் நிறுத்தாதீர்கள். கூட வர ஆள் இல்லை என்றால் புதுப்பட்டினத்தில் வந்து என்னைக் கேளுங்கள், நான் வருகிறேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எறும்பு வந்தால் சொல்லுங்கள். நான் சிரிக்க மாட்டேன்.