எடுத்துவிட்ட இரண்டு வரி

பாலில் கொழுப்பு அளக்கும் மெஷின் செய்கிற சின்னக் கம்பெனியில், வேங்கிக்காலில், வேலை செய்கிறேன். புரோகிராம் எழுத இரண்டு பேர் இருந்தோம். நான் ஒருவன். இன்னொருத்தி அடி அண்ணாமலையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள்.

நாங்கள் எழுதுவதைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். அதை அவள்தான் நிறுவினாள். நிறுவும் முறையைச் சொல்லும் இணையப் பக்கத்தில் இரண்டு வரி இருந்தது: இந்தச் சிப்பில் தசம எண்ணின் இரண்டு பாதிகளும் இடம் மாறி இருக்கும், அதற்கான ஆப்ஷனைக் கொடு. எண்ணை அப்படி வைக்கும் வடிவம் செத்துப் பல வருடம் ஆகிறது. ஒருவனும் அந்த வரியை எடுக்கவில்லை. அவள் படித்தாள், கொடுத்தாள்.

எங்கள் மேசையில் எண்கள் சரியாக வந்தன. எழுதுவதும் படிப்பதும் ஒரே மெஷின். கீழ்பென்னாத்தூர் பால் சொசைட்டியில் எங்கள் மெஷின் அனுப்பிய எண்ணை அவர்கள் கம்ப்யூட்டர் படித்தபோது பாதிப் பேரின் பாலுக்குக் கொழுப்பு சைபர்.

"என் மாட்ட எருமைனு சொன்னாக்கூட பொறுத்துப்பேன், பால தண்ணினு சொல்லுதுய்யா உன் மெஷின்," என்று ஒருவர் கத்தினார். முதலாளி அன்று சாயங்காலமே அவளை இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

காரணத்தை நான் கண்டுபிடித்தது ஒரு வெள்ளிக்கிழமை. முதலாளியிடம் போனேன்.

"தப்பு அவ மேல இல்லங்க. அந்தப் பக்கத்துலயே தப்பா போட்டிருக்கான். வந்து பாருங்க."

"திங்கக்கிழமை பாக்கலாம்பா. நாளைக்கு பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்துல ஊருக்குள்ள வண்டியே வராது."

ஆத்திரத்தில் அன்றே அந்த இரண்டு வரியையும் எடுக்கச் சொல்லித் திருத்தம் அனுப்பினேன். அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவர்கள் இதற்கு மாதக்கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். இந்த முறை ஞாயிறுக்குள் எடுத்துவிட்டார்கள். 'நன்றி' என்று ஒரு சொல் வந்தது.

திங்கட்கிழமை முதலாளி பக்கத்தைத் திறந்தார். "எங்கப்பா? அப்படி ஒண்ணும் இல்லியே?"

பழைய பிரதியைத் தேடிக் காட்டினேன். "பழசுன்னு எதையோ காட்டுற. இங்க சரியாத்தானே இருக்கு? அவளுக்குப் படிக்கத் தெரியல."

அவளுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"எடுத்துட்டீங்களா? என்னை ஒரு வார்த்த கேக்கலாம் இல்லண்ணா?"

"ஆத்திரத்துல அனுப்பிட்டேன்மா," என்றேன்.

"விடுங்க. அடுத்து படிக்கிறவங்களாவது தப்பிச்சாங்க," என்று வைத்துவிட்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

அந்த ஆப்ஷன் இல்லாமல் கம்பைலரை மறுபடி நிறுவினேன். அவள் எழுதிய புரோகிராமில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. அதை அப்படியே மெஷினில் ஏற்றிக் கீழ்பென்னாத்தூருக்குக் கொண்டு போனோம். கொழுப்பு எல்லோருக்கும் சரியாக வந்தது.

முதலாளி என் தோளில் தட்டினார். "பாத்தியா? ஆள மாத்துனா சரியாயிடுது."

எனக்குக் கத்தத் தோன்றவில்லை. ஒன்றுமே தோன்றவில்லை. மெஷினைத் துடைத்து உறையைப் போட்டேன்.