ஓட்டு வேண்டாத பதவி

மாநிலங்களவைக்குச் சிலரைத் தேர்தல் இல்லாமல் ஜனாதிபதியே நியமிப்பார், அதில் சமூக சேவை செய்கிறவர்களும் உண்டு என்று நாளிதழில் படித்த அன்றைக்கே எனக்குத் தலை கொஞ்சம் சுற்றிவிட்டது. தொண்ணூறுகளின் கடைசி. எண்ணூரில் மகளிர் மன்றம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து இறால் செத்துக்கொண்டிருந்தது. கையால் தடவி இறால் பிடிக்கத் தண்ணீரில் இறங்கும் எங்கள் பெண்களுக்குக் காலெல்லாம் அரிப்பு. யாரிடம் மனு கொடுத்தாலும் அடுத்த ஆபீசைக் கை காட்டினார்கள். டெல்லியிலேயே போய் உட்கார்ந்து சொன்னால் என்ன? அந்த இடம் எனக்கு வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

ஆனால் எப்படிக் கேட்பது? சாதிச் சான்றிதழ் வேண்டுமா, டெபாசிட் கட்ட வேண்டுமா? மன்றத்தில் ஆளுக்கு ஒன்று சொல்லிக் குழப்பினார்கள். கட்சிக்குச் சுவர் எழுதும் பக்கத்து வீட்டுத் தம்பி யாரையும் கேட்கவில்லை. மார்க்கெட் ஓரச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, மூலையில் என் பெயரைப் போட்டு, என் விளம்பரத்துக்கென்று இடம் பிடித்து வைத்துவிட்டான்.

"இன்னாடா இது? இதுக்கு எலெக்‌ஷனே கிடையாதுடா!"

"அத்த அப்பால பாத்துக்கலாங்க்கா. நல்ல செவுரு, வுட்டா வேற எவனாச்சும் புட்ச்சிக்குவான். சின்னம் இன்னான்னு மட்டும் சொல்லு."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆனாலும் என் பெயரைச் சுவரில் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் தாலுகா ஆபீசுக்குப் போய் விண்ணப்பப் படிவம் கேட்டேன். அங்கிருந்த அதிகாரி சிரித்திருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். அவர் சிரிக்கவில்லை.

"இதுக்கு யாரும் அப்ளை பண்ண முடியாதும்மா. அவங்களே பார்த்துக் கூப்பிடுவாங்க."

"அவங்களுக்கு என்னை எப்படி சார் தெரியும்?"

"தெரிஞ்சவங்களைத்தான் கூப்பிடுவாங்க" என்றார்.

பஸ்ஸில் வரும்போது யார்மேல் கோபப்படுவது என்றே விளங்கவில்லை. மன்றத்தில் காத்திருந்த பெண்களிடம் நடந்ததைச் சொன்னேன். ஆற்றிலிருந்து நேரே வந்திருந்த ஒருத்தி காலைச் சொறிந்துகொண்டே கேட்டாள்.

"அப்போ அந்த சீட்டுக்கு நம்ம ஓட்டே வாணாமா?"

"வேண்டாம்."

"ஓட்டு கேட்டு வந்தவனே நம்ம ஆத்த திரும்பிப் பாக்கல. ஓட்டே வாணாம்னு குந்திகினு கீறவன் எதுக்குக்கா பாக்கப் போறான்?"

நான் பார்ப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கும்தான் அவள் ஓட்டு தேவைப்பட்டிருக்காது.