செல்லத்தாயின் கைக்கு ஓர் அச்சு

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். மாவுக்கட்டுப் போட்ட நர்ஸ் பெண், "கொஞ்சம் சூடா இருக்கும், பயப்படாதீங்க" என்றாள். அந்தச் சூடு எனக்கு ஐம்பது வருடத்துக்கு முன்பே பழக்கம் என்பது பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

எழுபதுகளில் மூணாறு பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் ஃபிட்டர். கூட வேலை பார்த்த முருகனுக்குச் சிலைப் பைத்தியம். லீவில் ஊருக்குப் போனவன், கோபுரத்தில் சுதை வேலை செய்கிறவர்களை நாலு நாள் நின்று வேடிக்கை பார்த்தான். ஐந்தாம் நாளிலிருந்து அவனும் சிற்பி. எங்கள் படிப்பகத்து வாசலில், கொழுந்து கிள்ளும் பெண்ணுக்கு ஆளுயரச் சிமெண்ட் சிலை வைப்பதாக முடிவாயிற்று.

உடம்பு அவன் பொறுப்பு, சில்லறைச் சாமான்கள் என் பொறுப்பு. நிஜக் கொழுந்தைக் களிமண்ணில் அழுத்தி எடுத்து, அந்தப் பள்ளத்தில் சிமெண்ட் பாலை ஊற்றினால், இரண்டு இலையும் ஒரு மொட்டும் நரம்பு தெரிய வந்தன. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் பாராட்டியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. முருகன் செய்த விரல்கள் மட்டும் வாழைக்காய்ச் சீப்பு மாதிரி இருந்தன. "நெசக் கையவே அச்சு எடுத்துருவோம்லே" என்றேன்.

கை, முருகனின் மனைவி செல்லத்தாயுடையது. கொழுந்து எடுப்பதில் அவளை மிஞ்ச எங்கள் மலையில் ஆள் கிடையாது. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிள்ளை உண்டாகி, வளைகாப்பும் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை தாய் வீட்டுக்குப் புறப்பட இருந்தாள். அதனால் அவசரம். கம்பவுண்டரைக் காக்காய் பிடித்து மாவுக்கட்டு மாவு வாங்கி, பிஸ்கட் டின்னில் கரைத்தோம். கண்ணாடி வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றித் துணியால் கட்டி, எண்ணெய் தடவிய கையை உள்ளே விட்டாள்.

அச்சை இரண்டு பாதியாக எடுக்க வேண்டும் என்பது எங்கள் இரண்டு மேதைகளுக்கும் தெரியாது. துணி நழுவி, பாதி வளையல்கள் மாவுக்குள் இறங்கின. மாவு சூடேறி இறுகிவிட்டது. கை வரவில்லை.

"ஏண்ணே, இது வருமா, இல்ல டின்னோட ஊருக்குப் போகணுமா?" என்றாள் செல்லத்தாய்.

பிரசவம் வரை அந்த வளையல்கள் உடையக் கூடாது, உடைந்தால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். அவள் மாமியார் ஓடி வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "ஒரு வளையல் ஒடஞ்சாலும் செலையும் இருக்காது, செஞ்சவனும் இருக்க மாட்டான்."

முருகன் கத்தியை என்னிடம் தள்ளிவிட்டு, தண்ணீர் சுமக்கும் வேலையை எடுத்துக்கொண்டான். டின்னை வெட்டி எடுத்து, தண்ணீர் ஊற்றி ஊற்றி, மாவைக் கடுகளவு கடுகளவாகச் செதுக்கினேன். யாரோ செல்லத்தாய்க்கு உப்புமா ஊட்டினார்கள். எனக்கு எச்சில் விழுங்கக்கூடப் பயம்.

கடைசி வளையலில் 'டிக்' என்றது. முருகன் தண்ணீருக்குப் போயிருந்தான்; மாமியார் அப்போதுதான் காப்பி வாங்கத் திரும்பியிருந்தாள். செல்லத்தாய் என்னைப் பார்த்தாள். உடைந்த துண்டுகளை மாவுத் தூளோடு முந்தானையில் வாரிக்கொண்டு, "வந்துருச்சு அத்தை, எல்லாம் முழுசா இருக்கு" என்றாள்.

அப்புறம் இரண்டு மாதம் தபால்காரரைப் பார்த்தாலே நான் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். பெண் பிறந்து, தாயும் பிள்ளையும் நலம் என்று கடிதம் வந்த அன்று ஃபேக்டரி முழுக்க மிட்டாய் கொடுத்தேன். "தாய்மாமன்கூட இவ்வளவு ஆட மாட்டாம்லே" என்றான் முருகன், ஒன்றும் அறியாமல்.

சிலை வாழைக்காய் விரல்களோடுதான் நின்றது. ரோட்டை அகலமாக்கியபோது அதுவும் போயிற்று. படிப்பகம் இருந்த இடத்தில் இன்று ஹோம்ஸ்டே. எங்கள் லயத்தில் வேறு ஊர்க்காரர்கள். போன மார்கழியில் செல்லத்தாயும் போய்விட்டாள்.

துக்க வீட்டில் முருகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு, "இத்தனை வருசத்துல எங்கிட்ட ஒரு விசயத்தைக்கூட மறைச்சதில்லலே அவ" என்றான்.

"ஆமாலே" என்றேன்.