அன்புக்கரசி யாரைப் பார்த்தாள்?

போத்தனூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் சாலையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த அன்புக்கரசியைப் பற்றி 1994-இல் ஒரு பேச்சு கிளம்பியது. ஃபோன் பேச வரும் ஆண்களை அவள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறாளாம்.

கிளப்பியவள் எதிரே பேக்கரி நடத்திய பழனியாத்தாள். அவள் கணவர் காளிச்சாமி, பெருந்துறையில் இருந்த தம்பியிடம் பேச அடிக்கடி பூத்துக்குப் போவார். ஒருநாள் பேசி முடித்துக் காசு கொடுக்க நின்றபோது, அன்புக்கரசி கண்கொட்டாமல் அவர் முகத்தையே பார்த்தாள். வாயைச் சப்புக் கொட்டினாள். விரல்கள் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தன. காளிச்சாமி வெலவெலத்துப்போய், காசை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். எதிர்க்கடையிலிருந்து பழனியாத்தாள் அத்தனையையும் பார்த்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே சண்டைக்கு வந்தாள்.

"ஏம்மணி, உன்ற புருசன் பீளமேட்டுக்கு லேத்து ஓட்டப் போனா, நீ என்ற ஊட்டுக்காரரப் பாத்து வாயச் சப்புக் கொட்டறயா?"

"அக்கா, சத்தியமா நான் பாக்கவே இல்லீங்க. அவரு எப்ப வந்தாரு, எப்பப் போனாருன்னே எனக்குத் தெரியாதுங்க."

"காசு மேசமேல கெடக்குது. ஆளு வந்ததே தெரியாதாமா!"

கேட்டவர் யாரும் அன்புக்கரசியை நம்பவில்லை. ஆனால் அவள் சொன்னது உண்மை. ஒரு வருடத்துக்கும் மேலாக அவளுக்கு இப்படி நடந்துகொண்டிருந்தது. திடீரென்று ரப்பர் கருகும் வாடை வரும். அடிவயிற்றிலிருந்து ஒரு பயம் தொண்டைக்கு ஏறும். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. மறுபடி நினைவு வரும்போது டீயில் ஆடை படிந்திருக்கும், எதிரே யாராவது முறைத்துக்கொண்டிருப்பார்கள். டீயில் எதையோ கலக்கிறார்கள் என்று அவள் சந்தேகப்பட்டாள். டீ பழனியாத்தாள் கடையிலிருந்து வருவது. அதைக் குடிப்பதையே நிறுத்தினாள்.

புருஷன் தனபால் நேரடியாக எதுவும் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, பூத்துக்குச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தான். ஒருமுறை அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், கடைசியாகப் பேசியது யாரிடம் என்று பார்க்க ரீடயல் பொத்தானை அமுக்கினான். யாரோ உரக்கடைக்காரர் எடுத்தார். குடத்தோடு திரும்பியவள் அதைப் பார்த்தாள். இரண்டு பேரும் அன்று சாப்பிடவில்லை.

பழனியாத்தாளும் விடவில்லை. ஸ்டூலைப் பூத்தைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். காளிச்சாமி ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்த ஒரு மத்தியானம், அன்புக்கரசி மறுபடியும் அதே பார்வை பார்த்தாள். அதே சப்பு, அதே விரல். கண்ணாடிக் கூண்டுக்குள் எவனோ ஒளிந்திருக்கிறான் என்று நினைத்த பழனியாத்தாள், சாலையைக் கடந்து ஓடிக் கூண்டுக் கதவை இழுத்தாள். உள்ளே ஆளில்லை. அன்புக்கரசி பார்த்துக்கொண்டிருந்தது வெறும் சுவரை.

"ஏம்மணி! அன்பு!"

பதில் இல்லை. கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினாள். இமை அசையவில்லை. வலது கை முந்தானையைத் திருகியது. இடது கை விறைத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த முகத்துக்கு மெல்ல உயிர் வந்தது.

"அக்கா, நீங்க எப்ப வந்தீங்க?"

தனபால் வந்ததும் பழனியாத்தாள் அவனைத் தனியே கூப்பிட்டாள்.

"தம்பி, அவ ஆம்பளயப் பாக்கலீங்க. செவுத்தயும் அப்படித்தான் பாக்கறா. நாளைக்கே ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நானும் வாரேன்."

நரம்பு டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள் அன்புக்கரசி. தனபாலுக்கும் சொல்லத் தெரியவில்லை. பழனியாத்தாள்தான் பார்வை, வாய், எந்தக் கை என்று அப்படியே நடித்துக் காட்டினாள்.

"இது வலிப்பு" என்றார் டாக்டர்.

"வலிப்புன்னா கீழ உழுந்து நொரை தள்ளோணுமுங்களே?" என்றாள் பழனியாத்தாள்.

"எல்லாருக்கும் அப்படி வராது. மூளையில ஒரு பகுதியில மட்டும் கரண்ட் தாறுமாறா ஓடும். கண் திறந்திருக்கும், ஆனா சுயநினைவு இருக்காது. வாயும் கையும் தானா அசையும்."

தலையில் ஒயர் வைத்து எடுத்த சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. தனபாலுக்கு மறுபடி சந்தேகம் வந்தது. "அப்ப நடிக்கறாளுங்களா?"

"வலிப்பு இல்லாத நேரத்துல எடுத்தா சில பேருக்கு இப்படித்தான் வரும். நேர்ல பார்த்தவங்க சொன்னதை வெச்சுத்தான் நான் முடிவு பண்றேன்."

பழனியாத்தாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாத்திரை ஆரம்பித்தபோது தலை சுற்றியது, எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிந்தது. இதுவும் ஏதோ விஷம் என்று அன்புக்கரசி தானாகவே நிறுத்தினாள். சில நாளில் பூத் வாசலில் விழுந்தாள்; உடம்பெல்லாம் வெட்டி இழுத்தது. கையில் திணிக்கச் சாவிக்கொத்தோடு ஓடி வந்தவர்களை, டாக்டர் சொல்லியிருந்தபடி பழனியாத்தாள் தடுத்தாள். இழுப்பு அடங்கியதும் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். அதற்கப்புறம் அன்புக்கரசி மாத்திரையை விடவில்லை. டாக்டர் அளவை மாற்றிக் கொடுக்க, வலிப்பு வருவது குறைந்து, பிறகு நின்றேபோனது.

தெருவின் பேச்சு நிற்கவில்லை. முன்பு ஒழுக்கத்தைப் பேசியவர்கள் இப்போது வலிப்புக்காரி என்றார்கள். நேரில் கேட்டவர்களிடம் அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

தனபால்தான் மாறிப்போனான். அவள் சோற்றுத் தட்டின் முன் கொஞ்சம் அசையாமல் உட்கார்ந்தாலும் குனிந்து முகத்தைப் பார்ப்பான்.

"அன்பு, இருக்கறயா?"

"இருக்கறனுங்க. ஒரு மனுசி சும்மா யோசன பண்ணக் கூடாதுங்களா?"