டேம்பரில் பத்து கிளிக்

எனக்கு வாய் அதிகம். இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். என் வீட்டுக்காரருக்கோ வாயே கிடையாது. பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும், அதுவும் "ம்" என்று வரும். அப்படிப்பட்ட கல்லுளிமங்கனோடு பத்தொன்பது வருடம் குடித்தனம் நடத்தியும், அவர் மறைத்ததைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அவருக்குக் குடிநீர்க் குழாயைப் பார்த்துக்கொள்கிற வேலை. மலைமேல் இருக்கும் தொட்டியிலிருந்து கீழே வருகிற இரும்புக் குழாய், இருபத்திரண்டு கிலோமீட்டர். பக்கத்தில் ரோடு கிடையாது, வெறும் கல். மேடு பள்ளத்தில் ஓடவென்றே செய்த உயரமான மோட்டார் சைக்கிள் ஒன்றை அலுவலகம் கொடுத்திருந்தது. தினமும் அதில் போய் வால்வுகளைப் பார்த்துவிட்டு வருவார். குழாய்மேல் வலது உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் நிற்பார். "இங்கேருந்து நூறடியில கசியுது" என்பார். தோண்டினால் ஈரம் இருக்கும். கருவி வைத்திருக்கிறவர்களே அவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'கை'தான். கை வந்தாச்சா, கை சாப்பிட்டாச்சா என்றுதான் விசாரிப்பார்கள்.

ஐந்து மாதத்துக்கு முன் முன்சக்கரம் ஒரு கல்லில் மோதியது. ஹேண்டில்பார் பிடியை உதறிக்கொண்டு திரும்ப, ஆள் கீழே. வலது மணிக்கட்டு நொறுங்கிப் போனது. கட்டுப் பிரித்த பிறகு விரல்கள் மடங்கின, டம்ளரைப் பிடித்தார், கதவைத் திறந்தார். சட்டைப் பொத்தான் போட மட்டும் என்னைக் கூப்பிட்டார். வீட்டில் இருந்து சொகுசு பழகிவிட்டது என்று நானும் திட்டிக்கொண்டே போட்டுவிட்டேன்.

அப்புறம்தான் அந்தக் கடிதம் வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, மேலதிகாரி பார்க்க, கல் பாதையில் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. நாங்கள் குடியிருந்த வீடும் அலுவலகம் கொடுத்ததுதான், வேலை போனால் அதுவும் போகும். மகள் பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவர் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்தார். கேட்டால், "ம்."

ஞாயிற்றுக்கிழமை எங்கிருந்தோ ஒரு டேம்பரோடு வந்து நின்றார். பந்தயத்தில் ஓட்டுகிற நண்பர் தன் பழைய வண்டியிலிருந்து கழற்றிக் கொடுத்ததாம். சோப்பு டப்பா அளவில் இருந்தது, உள்ளே எண்ணெய். சக்கரம் கல்லில் மோதினால் ஹேண்டில் வெடுக்கென்று திரும்பாமல் இது இழுத்துப் பிடிக்குமாம்.

வீட்டுக்குப் பின்னால் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினோம். ஹேண்டில்பாரைக் கழற்றினார். வண்டியின் கழுத்தில் ஒரு பட்டையை மாட்டி இறுக்கினார். அதிலிருந்து ஒரு முளை மேலே நீட்டிக்கொண்டிருந்தது. டேம்பரின் கை அந்த முளையைக் கவ்வ வேண்டும். சின்ன வேலைதான், ஆனால் போல்ட் நாலு தடவை கீழே விழுந்தது. நாலு தடவையும் நான்தான் தவழ்ந்து தேடினேன். கையில் வெண்ணெயா தடவியிருக்கிறீர்கள் என்று கத்தினேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எல்லாம் பூட்டி, இஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இடது பக்கம் முழுதாகத் திருப்பினால், வண்டி தானாகவே அலறியது. டேம்பரால் ஹேண்டில் இரண்டு விரற்கடை உயர்ந்திருந்ததில் ஆக்சிலரேட்டர் கேபிள் எட்டாமல் இழுபட்டிருக்கிறது. அந்த நிலையில் ஓட்டியிருந்தால் முதல் வளைவிலேயே கதை முடிந்திருக்கும். கேபிளைப் பின்பக்கமாகச் சுற்றிவிட்டு மாட்டி முடிக்க மதியம் மூன்று மணி ஆனது.

கடைசி வேலை, டேம்பரின் தலையில் இருந்த குமிழைத் திருப்புவது. முழுதாகத் தளர்த்திவிட்டு, அங்கிருந்து எட்டு கிளிக் இறுக்க வேண்டும்.

"நான் திருப்பறேன். நீ காதை வச்சு எண்ணு" என்றார்.

"உங்க கையில இருக்கறது உங்களுக்குத் தெரியாதா?"

குனிந்து காதை வைத்தேன். பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றும் கேட்கவில்லை. அவர் திருப்பிக்கொண்டே போனார். குமிழ் எல்லை தட்டி நின்ற பிறகும் திருகினார். விரல் நுனிகள் வெளுத்துவிட்டன. அவரைத் தள்ளிவிட்டு நானே திருப்பினேன். ஒவ்வொரு கிளிக்கும் விரலில் டொக் டொக்கென்று தட்டியது, காதே தேவையில்லை.

அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவருடைய வலது உள்ளங்கையை நகத்தால் அழுத்திக் கிள்ளினேன். ரத்தம் கட்டுகிற அளவுக்குக் கிள்ளினேன். அவர் திரும்பக்கூட இல்லை.

"எப்பலேருந்து?" என்று கேட்டேன். அப்போதுதான் கையைப் பார்த்தார்.

"கட்டுப் பிரிச்ச அன்னைக்கே. நரம்பு போச்சாம். வரலாம், வராமலும் போகலாம்னு டாக்டர் சொன்னார்." பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீளமான பேச்சு வந்தது. "பிடி நழுவுதான்னு எனக்குத் தெரியாது. ஹேண்டில் உதறாம இருந்தா சமாளிச்சிடுவேன். நாளைக்கு ஒருநாள் நீ வாயைத் திறக்காத. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

அழுதேன், திட்டினேன், வண்டியையே எட்டி உதைத்தேன். அலமாரியிலிருந்த கடிதம் ஞாபகம் வந்தது, மகளின் புத்தகங்கள் ஞாபகம் வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு குமிழைத் தளர்த்தி, எட்டு கிளிக் எண்ணி வைத்தேன். பின்சந்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து இன்னும் இரண்டு என்றார். வைத்தேன். மொத்தம் பத்து. அத்தனையும் நான் வைத்தவை.

திங்கட்கிழமை தண்ணீர் பாட்டிலைச் சாக்கு வைத்துக்கொண்டு நானும் போனேன். மேலதிகாரி பார்த்துக்கொண்டிருக்க, வண்டி கற்களின்மேல் ஏறி வளைவில் மறைந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபது நிமிடம் கழித்து அதே வளைவில் வந்தது. சக்கரம் கல்லில் குதிக்கிறது, ஹேண்டில் அசையவில்லை. நானும் டேம்பருமாகச் சேர்ந்து அவரைத் தேற வைத்துவிட்டோம்.

மேலதிகாரி தாளில் கையெழுத்துப் போட்டார். நல்ல மனிதர், அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். "மூணாம் வால்வுக்கு அப்புறம் எங்கேயோ தண்ணி போகுது. எந்தக் கருவிக்கும் பிடிபடல. நாளைக்கே போய் உங்க கையை வச்சுப் பார்த்துச் சொல்லிடுங்க" என்றார்.

"சரிங்க சார்" என்றார் இவர், வண்டியில் சாய்ந்தபடி.

கருகுகிற வாடை வந்தது. வலது உள்ளங்கை முழுதாகச் சைலன்சர்மேல் இருந்தது.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். மேலதிகாரி இரண்டடியில் நின்றார், தாள் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. திறந்த வாயைச் சிரிப்பாக்கிக்கொண்டு போய், ஆசையாகப் பிடிப்பதுபோல் இவர் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினேன். தோல் கொஞ்சம் சைலன்சரிலேயே ஒட்டிக்கொண்டது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை என்று மேலதிகாரி சிரித்தார். நானும் சிரித்தேன்.

மேலதிகாரி நகர்ந்ததும், "வலிக்குதாங்க?" என்று கேட்டேன்.

இவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினார்.

எத்தனையோ மறைத்த மனுஷன், அந்த ஒருமுறை பொய்யாவது சொல்லியிருக்கக் கூடாதா?