கன்னிவாடியில் அணைந்த எஞ்சின்

அறுபதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் விதை உருளைக்கிழங்கு வியாபாரம் செய்துகொண்டிருந்தேன். அந்த நாட்களில் ஏறக்குறைய இரண்டு வருடம் நான் எந்த இடத்திலும் நிம்மதியாக உட்காரவில்லை. காரணம் என் கார்.

சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரிடம் வாங்கிய பழைய கறுப்புக் கார் அது. வாங்குவதில் என் மனைவிக்கு இஷ்டமே இல்லை. பள்ளங்கிக்கும் மற்ற ஊர்களுக்கும் லாரியில் தொற்றிக்கொண்டு போய் வருகிற ஆளுக்கு இது எதற்கு என்றாள். ஒரே அழுத்தில் கிளம்புகிற வண்டி என்று அவளிடமும் கடைத்தெருவிலும் பெருமை பேசினேன். முதல் மழைக்காலம் முடிவதற்குள், கிளம்பும் பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வர ஆரம்பித்தது.

முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றிப் பார்த்தேன். அது திருப்பி உதைத்ததில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. குளிக்கும்போது வழுக்கி விழுந்ததாக வீட்டில் சொன்னேன். அதற்குப் பிறகு கைப்பிடியைத் தொடவில்லை.

நல்லவேளையாக எங்கள் ஊரில் சரிவுக்குப் பஞ்சம் கிடையாது. காரை இறக்கம் பார்த்து நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிடுவேன். கிளம்பும்போது கல்லை எடுத்து உருளவிட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மலையில் எல்லோரும் இப்படித்தான் கிளப்புவார்கள் என்று மனைவியிடம் சொல்லிவைத்தேன். போகப்போக எனக்கு ஊரே மேடும் இறக்கமுமாக மட்டும் தெரிய ஆரம்பித்தது. வாசல் சமதளமாக இருக்கிற கடைக்குப் போக மாட்டேன். ஏரிக்கரைச் சாலை ஒரே மட்டம். அதனால் மனைவி படகில் போகக் கேட்டபோதெல்லாம் ஏதாவது வேலை சொல்லித் தட்டிக்கழித்தேன். எங்கே உட்கார்ந்தாலும் அங்கிருந்து கார் கண்ணில் பட வேண்டும். வேறு யாராவது வண்டியை அதன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால், காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவேன்.

பேட்டரியைத் திறந்து பார்க்காமல் இல்லை. கம்பி மாட்டுகிற இரண்டு முனைகளிலும் வெள்ளையும் பச்சையுமாக என்னவோ படர்ந்திருந்தது. மழைக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் செருப்பிலிருந்து சாமி படத்துச் சட்டம் வரைக்கும் பூஞ்சை பிடிக்கும். இதுவும் அதுதான் என்று நினைத்து, மேலோட்டமாகத் துணியால் தட்டிவிட்டு மூடினேன். பேட்டரி சாகக் கிடக்கிறது என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். மெக்கானிக்கிடம் காட்டினால் மறுநாள் கடைத்தெரு முழுக்கச் சிரிக்கும். அதனால் காட்டவில்லை.

பெரிய சங்கடம் கன்னிவாடியில்தான். மனைவியின் அக்கா, எனக்கு மதினி, அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தார். மலையடிவாரத்து ஊர்தான், ஆனால் அவர்கள் தெரு பாய் விரித்த மாதிரி மட்டமாக இருக்கும். போகிற போதெல்லாம் எஞ்சினை அணைக்காமல் வாசலில் நிறுத்துவேன். மதினி நீட்டுகிற மோரை நின்றபடியே குடித்துவிட்டு, பக்கத்து ஊரில் ஒரு சோலி இருக்கிறது என்று கிளம்பி, சாயங்காலம் வந்து மனைவியை அழைத்துக்கொள்வேன். அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. காது முழுக்க எஞ்சின் சத்தத்தில்தான் இருந்தது.

மதினியின் கடைசி மகளுக்குக் காதுகுத்து வந்தது. அன்றைக்கு வாசலோடு திரும்ப முடியாது. காரைப் பந்தலுக்கு வெளியே ஓடவிட்டே நிறுத்திவிட்டு, பந்தி ஓரத்தில் எஞ்சின் சத்தம் கேட்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். இரண்டாம் முறை சோறு வைக்கும்போது சத்தம் நின்றது. கையை இலையில் வைத்தபடி அப்படியே இருந்தேன். மதினியின் கணவர், என் சகலை, சிரித்த முகத்தோடு வந்தார்.

"வண்டி சும்மா ஓடிக்கிட்டுக் கெடந்துச்சு தம்பி. பெட்ரோல் வீணாப் போகுதேன்னு சாவியத் திருப்பி அமத்திட்டேன். நீங்க நிதானமாச் சாப்பிடுங்க."

பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். கை கழுவிவிட்டுப் போய்ப் பொத்தானை அழுத்தினேன். 'டிக்' என்றது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தள்ள வந்தார்கள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சகலையும் தள்ளினார். முந்தின நாள் பெய்த மழையில் தெரு சேறாகக் கிடந்தது. ஒரு பெரியவர் முழங்கால் ஊன்றி விழுந்தார். மூன்றாவது தடவை எஞ்சின் பிடித்தது. எங்கே நின்றால் மறுபடி அணைந்துவிடுமோ என்று பயந்து, உருட்டிக்கொண்டே மனைவியைக் கூப்பிட்டேன். தாம்பூலப் பையோடு அவள் அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் ஓடிவந்து, நகர்கிற காரில் ஏறினாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை.

ஊர் தாண்டியதும் கேட்டாள். "எங்க அக்கா வீட்டுல உங்களுக்கு என்னங்க கொறை வச்சாக?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாலையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டரி, சரிவு, கல், படகு, மணிக்கட்டு. வத்தலக்குண்டில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற கடை ஒன்று இருந்தது. அதன் முன்னால் கூட்டத்துக்காக வேகத்தைக் குறைத்தேன். அவள் எட்டிச் சாவியைத் திருப்பினாள். கார் இரண்டு முழம் உருண்டு நின்றது.

"எறங்கிக் கேளுங்க. இல்லாட்டி நான் பஸ்ஸுல போறேன்" என்றாள்.

கடைக்காரர் என் வயதுக்காரர்தான். முன்மூடியைத் தூக்கிப் பார்த்தார். கம்பியைப் பிடித்து ஆட்டியதும் அது கையோடு வந்தது. பேட்டரியை ஒரு மானியால் சோதித்தார். அது செத்துவிட்டது, புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

"பேட்டரி நல்லாத்தாங்க இருக்கு. முனைதான் உப்புப் பூத்துக் கெடக்கு. கரண்டு எப்படிங்க போகும்?"

பக்கத்து டீக்கடையிலிருந்து வெந்நீர் வாங்கி, சலவைச் சோடாவைக் கரைத்து முனைகளில் ஊற்றினார். சீறிக்கொண்டு நுரைத்தது. பச்சை கரைந்து ஓடியது. உப்புத்தாளால் ஈயம் பளிச்சிடும்வரை தேய்த்து, கம்பியை முறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. நான் அந்த அரைமணியும் நிலைகொள்ளாமல் காருக்கும் கடைக்குமாக நடந்தேன். பொத்தானை அழுத்தினேன். எஞ்சின் உறுமியது. அணைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். நாலைந்து தடவை அப்படிச் செய்தபோது, போதும் வாங்க என்று மனைவி அடிக்குரலில் சொன்னாள்.

மலை ஏறும்போது பாதி வழியில் சொன்னாள். "உங்களுக்கு வயித்துப்புண்ணு, வெளியில எதுவும் சாப்பிட ஆகாதுன்னு அக்காகிட்ட ரெண்டு வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன். அவுக மனசு வருத்தப்படக் கூடாதேன்னு."

அடுத்த மாதமே கன்னிவாடிக்குப் போனோம். விழுந்த பெரியவரை முதலில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். பிறகு மதினி வீட்டு வாசலில், மட்டமான தெருவில், எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன். மனைவி அக்காவை உட்காரவைத்து உண்மையைச் சொன்னாள். மதினி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய், மற்றவர்களுக்குக் கோழிக் குழம்பும் எனக்கு மட்டும் காரமில்லாத கஞ்சியும் கொண்டுவந்தார். பேட்டரிக் கதையை நோயை மறைக்கச் சொல்வதாக எடுத்துக்கொண்டார் போல. குழம்பு வாசனைக்கு நடுவில் கஞ்சியைக் குடித்தேன். மனைவி இலையைவிட்டுத் தலை நிமிரவில்லை. அவள் தோள் மட்டும் குலுங்கியது.

சாப்பிட்டதும் எனக்குப் பாய் விரித்தார்கள். படுத்துக் கண்ணை மூடினேனே தவிர மனசு தெருவிலேயே நின்றது. ஒருதடவை எழுந்து போய் அழுத்திப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று கால் துடித்தது. அதற்குள் மதினி, "தம்பி இன்னைக்குத்தான் கண் அசந்திருக்காக, யாரும் சத்தம் போடாதீக" என்று வீட்டையே அடக்கினார். விளையாடிய பிள்ளைகள் கொல்லைப்பக்கம் போனார்கள். அதற்குமேல் எப்படி எழுந்திருப்பது? மூன்று மணி வரை, தூங்குகிறவனைப் போல மூச்சு விட்டுக்கொண்டு, அசையாமல் கிடந்தேன்.

கிளம்பும்போது வண்டி ஒரு தகராறும் பண்ணவில்லை. மதினி ஜன்னல் பக்கம் குனிந்து, வயிறு குலுங்காமல் பார்த்து ஓட்டச் சொன்னார். சரிங்க மதினி என்றேன்.