சொக்கொம் செய்த முழங்கால்

சொக்கொம் தன் கையால் செய்த முழங்கால்கள் ஆயிரத்து நானூறுக்குக் குறையாது. பிறந்தபோது அவளுக்கு இருந்தவை இரண்டு. அதில் இடது முழங்கால், மூங்கில் குருத்து ஒடிக்கப் போன ஒரு மழைக்காலக் காலையில், யாரோ புதைத்துவிட்டு மறந்துபோன கண்ணிவெடியோடு போயிற்று. எந்தப் படை புதைத்தது என்று பின்னாளில் அவள் பலரிடம் கேட்டிருக்கிறாள். அரசாங்கப் படையில் இருந்தவன் காட்டில் ஒளிந்திருந்த கிளர்ச்சிக்காரனைக் கைகாட்டினான். காட்டிலிருந்து இறங்கி வந்தவன் அரசாங்கத்தைக் கைகாட்டினான். இப்போது இருவரும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிறார்கள்.

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. கணவன் எல்லைப்பக்கம் மலேரியாவில் செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மகன் விரக்கிற்கு நான்கு வயது. பாட்டம்பாங் மருத்துவமனையில் இடது காலைப் பாதித் தொடையோடு வெட்டி எடுத்துவிட்டு, அனுப்பிவைத்தார்கள்.

ஊருக்கு வெளியே வெளிநாட்டுக்காரர்கள் நடத்திய செயற்கைக்கால் பட்டறைக்கு அவள் கால் கேட்டுப் போனாள். கால் கிடைத்தது, அதோடு வேலையும் கிடைத்தது. முதலில் தோல் வார் தைத்தாள். ஓராண்டு கழித்து இரும்பு மேசைக்கு மாற்றினார்கள். தொடையோடு கால் போனவர்களுக்குக் கீல் வேண்டும். கதவுக்கு எப்படியோ அப்படித்தான்: இரண்டு பட்டை, நடுவில் ஓர் அச்சு. நிற்கும்போது மடங்கிவிடாமல் ஒரு வளையம் கீழே இறங்கிப் பூட்டிக்கொள்ளும். உட்காரும்போது அதை விரலால் மேலே தூக்க வேண்டும். ஆரம்ப நாட்களில் இரும்பு ஒழுங்காக வராது. இடிந்த வீடுகளில் நிஜக் கதவுக் கீல்களையே கழற்றிவந்து முழங்கால் செய்தார்கள். அதைப் போட்டு நடந்தால் கிரீச்சென்று சத்தம் வரும். பாதம் செதுக்கும் தொல், அவனும் ஒரு கால் இல்லாதவன்தான், தலையைத் தூக்காமலே கேட்பான்: "யாரு வீட்டுக் கதவுய்யா நடந்து வருது?"

நல்ல இரும்பு வந்த பிறகும் ஒரு குறை தீரவில்லை. அந்தக் கீல் நாற்காலிக்குத் தேவையான அளவுதான் மடங்கும். அதற்கு மேல் மடங்காது, பக்கவாட்டில் திரும்பவே திரும்பாது. நாற்காலியில் உட்காரும் தேசத்தில் யாரோ வரைந்த படம். சொக்கொமின் தெருவில் நாற்காலி வைத்திருந்தது முடிவெட்டுகிறவன் ஒருவன்தான். சாப்பாடு, அரட்டை, பிரசவம், சாவு எல்லாமே தரையில்தான்.

வீட்டில் காலைக் கழற்றி வைத்துவிட்டு உட்காரலாம். விகாரையில் என்ன செய்வது? அத்தனை பேர் முன்னால் காலைக் கழற்றிவிட்டுத் தரையில் நகர்ந்து போக அவளுக்கு மனம் வரவில்லை. அங்கே இரண்டு காலையும் ஒரு பக்கமாக மடக்கி, பாதம் பின்னால் போகும்படி உட்கார வேண்டும். பாதத்தைப் புத்தருக்கு நேரே நீட்டுவது பெரிய பாவம். நாற்காலி போட்டு பிக்குகளை விட உயரத்தில் உட்காருவது அதைவிடப் பெரிய பாவம். அதனால் பதின்மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு திருநாளுக்கும் சொக்கொம் வெளி வராந்தாவில் தூணைப் பிடித்து நின்றாள். அங்கிருந்து பார்த்தால் முன்வரிசை நன்றாகத் தெரியும். முன்னாள் தளபதிகள் இருவர், கண்ணிவெடியை மூட்டை மூட்டையாகக் காட்டுக்கு அனுப்பியவர்கள், இரண்டு காலையும் அழகாக மடக்கி, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை யாரும் எதையும் கழற்றச் சொன்னதில்லை.

விரக் பள்ளிப்படிப்பை முடித்த ஆண்டு, பிக்கு ஆகப்போவதாகச் சொன்னான். பக்தி என்று அவன் பொய் சொல்லவில்லை. நகரத்து விகாரையில் இடமும் சோறும் உண்டு, அங்கிருந்தபடியே மேல்படிப்புக்குப் போகலாம். ஏழை வீட்டுப் பையனுக்கு அந்த நாட்டில் வேறு விடுதி எது? ஊராரோ அம்மா பட்ட கஷ்டத்துக்கு மகன் புண்ணியம் சேர்க்கிறான் என்று மெச்சினார்கள். புண்ணியத்தில் சொக்கொமுக்கு அத்தனை நம்பிக்கை கிடையாது. அது உண்மையென்றால் மூங்கில் குருத்து பறிக்கப் போனவள் என்ன பாவம் செய்தாள் என்று அவள் கேட்பாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மகன் பிக்குவின் காவி உடையான சீவரத்தை வாங்கும் நேரத்தில் அவனுக்குப் பக்கத்தில், மற்றத் தாய்மார்களைப் போல, காலை மடக்கித் தரையில் உட்கார வேண்டும்.

அதற்கு ஐந்து மாதம் இருந்தது. பட்டறை வேலை முடிந்ததும் அவள் தன் மேசையில் தங்கிவிட்டாள். கீலின் பின்பக்கத் தடுப்பை அரத்தால் ராவிக் குறைத்தாள். கெண்டைக்கால் தொடையைத் தொடும்வரை மடங்கியது. ஆனால் பக்கவாட்டில் திரும்பாத கால் மடங்கி என்ன பயன்? கீலுக்கு மேலே இரண்டு வட்டத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரு முளையால் பூட்டினாள். முளையை இழுத்தால் முழங்காலுக்குக் கீழே உள்ளதெல்லாம் பக்கமாகச் சுழல வேண்டும்.

"ஒரு கால்ல எத்தன கீலுதான் வைப்பக்கா?" என்றான் தொல். "கதவுக் கடைக்காரன் வயிறெரிவான்."

"நீ உன் ரப்பரச் செதுக்கு."

"உனக்குத்தான் செதுக்கறேன். பாதத்துக்கு நகம் வேணுமா? சாயம் பூசித் தரவா?"

முதல் தகடு நழுவியது. அவள் மல்லாந்து விழ, தலையில் அடிபட்டது. இரண்டாவதில் முளை சிக்கி, உட்கார்ந்தவளை எழுப்ப நான்கு பேர் வேண்டியிருந்தது. நான்காவது மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம், பட்டறைத் தரையில் சிமெண்ட் தூசிக்கு நடுவே, வளையத்தைத் தூக்கி, முளையை இழுத்து, சொக்கொம் இரண்டு காலையும் வலப்பக்கமாக மடக்கி உட்கார்ந்தாள். பாவாடையை இழுத்துவிட்டாள். பிறகு மேசைக்காலைப் பிடித்துத் தானாகவே எழுந்து நின்றாள். தொல் மூக்கைச் சிந்திவிட்டு, இரும்புத்தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்றான். அவன் மேசையில் இரும்பே கிடையாது.

சடங்கு நாள் காலை, மொட்டையடித்து வெள்ளை உடுத்தியிருந்த விரக்கை உறவினர்கள் குடைபிடித்து அழைத்து வந்தார்கள். சொக்கொம் மடித்த சீவரத்தை இரு கையிலும் ஏந்திக்கொண்டு, ஊர்வலத்தின் முன்னால் நடந்தாள். விகாரைப் படி ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலைத் தாண்டக் காலெடுத்து வைத்தபோது ஆச்சார் யின் அவளை நிறுத்தினார். விகாரைச் சடங்குகளை நடத்திவைக்கும் முதியவர் அவர். கெட்ட மனிதர் அல்ல. வெள்ளத்தின்போது அவள் வீட்டுக்கு அரிசி கொண்டுவந்து கொடுத்தவர்.

"காலோடயா உள்ள வர்ற, சொக்கொம்?"

அவள் மகிழ்ச்சியாகவே சொன்னாள்: "இப்ப மடங்கும் ஆச்சார். பக்கவாட்டுலயும் திரும்பும். பாதம் புத்தர் பக்கம் போகாது. உக்காந்து காட்டட்டுமா?"

"உக்காரறதப் பத்தி ஒண்ணும் சொல்லலம்மா. அந்தப் பாதம் எதுல செஞ்சது?"

"டயர் ரப்பர்ல."

அவர் வாசலுக்கு வெளியே கழற்றி வைத்திருந்த தம் செருப்பைக் காட்டினார். அந்த நாட்டில் பாதிப் பேர் போட்டு நடப்பது போல அதுவும் லாரி டயரில் வெட்டியதுதான். "அது எதுல செஞ்சது?"

"டயர்லதான்."

"அப்ப நீயே சொல்லு."

கேட்பதற்கு நியாயம் போலவே இருந்தது. இந்த மாதிரி நியாயங்கள் எப்போதும் அமைதியான குரலில்தான் வருகின்றன.

"நீங்க அத மாட்டிக்கிட்டு நடக்கறீங்க, ஆச்சார். எனக்கு அதுதான் கால்."

"எனக்குப் புரியுது. மத்தவங்களுக்கு மனசு கோணும். செருப்ப உள்ள விட்டாங்கன்னு நாளைக்குப் பேசுவாங்க."

உள்ளே பீடத்தில் இருந்த புத்தரின் பாதங்கள் சிமெண்டில் செய்தவை. அதை யாரும் வெளியே விடச் சொல்லவில்லையே என்ற கேள்வி அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கேட்டிருப்பாள். ஆனால் ஊர்வலம் முழுதும் படியில் நின்றுபோயிருந்தது. மேளக்காரன் வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். விரக் அவள் தோளருகே வந்தான்.

"கழட்டிடும்மா," என்றான் தாழ்ந்த குரலில். "இன்னிக்கு ஒரு நாள்தானே."

ஐந்து மாதமும் அவள் விரலில் பட்ட வெட்டுக் காயங்களுக்குத் துணி சுற்றிவிட்டவன் அவன்தான். சொக்கொம் அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் வெட்கமும் இருந்தது, கெஞ்சலும் இருந்தது. எது கூடுதல் என்று அவளால் பிரிக்க முடியவில்லை. சீவரத்தை அவனுடைய அத்தை நியேங்கிடம் கொடுத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். வாரை அவிழ்த்தாள். காலைக் கழற்றிச் செருப்பு வரிசையில், ஆச்சாருடைய செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு கையை ஊன்றி, இடுப்பை இழுத்து இழுத்து, பளபளப்பாகத் துடைத்திருந்த தரையில் முன்வரிசை வரை நகர்ந்து போனாள். இரண்டு பக்கமும் ஆட்கள் மரியாதையாக விலகி வழி விட்டார்கள்.

மகனுக்குப் பக்கத்தில் உட்காரத்தான் உட்கார்ந்தாள். மடக்குவதற்கு அங்கே ஒரு கால்தான் இருந்தது. பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற கவலையே இல்லை. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை.

சீவரத்தை நியேங்கிடமிருந்து திரும்ப வாங்கித் தன் கையாலேயே கொடுத்தாள். விரக் மூன்று முறை அவள் முன் விழுந்து வணங்கி வாங்கிக்கொண்டான். பாலி வாக்கியங்களைத் தடுமாறாமல் சொன்னான். உள்ளே போய்க் காவி உடுத்தித் திரும்பி வந்தபோது சபை அவனை வணங்கியது. சொக்கொமும் கைகூப்பி நெற்றியைத் தரையில் வைத்தாள். நிமிர்ந்தபோது அவன் பீடத்தருகே மற்ற பிக்குகளோடு உட்கார்ந்திருந்தான். மொட்டைத் தலையில் அப்பனின் சாயல் தெரிந்தது.

ஆசி முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். சொக்கொம் கையை ஊன்றிப் பார்த்தாள். பிடித்து எழ அருகில் தூண் எதுவும் இல்லை. கூட்டம் வாசல் பக்கம் நகர, விரக் பீடத்திலிருந்து இறங்கி நேரே அவளிடம் வந்தான். குனிந்தான். வலது கை தானாக நீண்டது. பதின்மூன்று ஆண்டுகளாக அவளைத் தரையிலிருந்து தூக்கிவிட்ட கை அது. ஐந்து வயதில் இரண்டு கையாலும் இழுத்துவிட்டு அவனே பின்னால் விழுவான், பிறகு இருவரும் சிரிப்பார்கள்.

அவளும் கையைத் தூக்கிவிட்டாள். இரண்டு கைக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்போது ஆச்சார் யின் தொண்டையைச் செருமினார்.

பிக்கு பெண்ணைத் தொடக்கூடாது. பெற்றவளும் பெண்தான். விரக்கின் விரல்கள் அப்படியே நின்றன. அவன் கையை இழுத்துச் சீவரத்துக்குள் வைத்துக்கொண்டான்.

"அம்மா…" என்றான். அப்படி அழைப்பதும் இனி முறையல்ல என்பது நினைவுக்கு வந்து, வாயை மூடிக்கொண்டான்.

நியேங் ஓடி வந்து அக்குளில் கை கொடுத்தாள். சொக்கொம் வேண்டாம் என்று தலையசைத்தாள். மகனை அண்ணாந்து பார்த்தாள். பெற்றதிலிருந்து அவனை ஒருமையில்தான் கூப்பிட்டிருக்கிறாள், திட்டியிருக்கிறாள், கொஞ்சியிருக்கிறாள்.

"நான் பாத்துக்கறேன்," என்றாள். "நீங்க போங்க, சாமி."

அவள் வாசலைப் பார்த்துத் திரும்பி, உள்ளங்கைகளை ஊன்றி நகர ஆரம்பித்தாள். விரக் போகவில்லை. இரண்டு கையையும் காவிக்குள் இறுக்கிக்கொண்டு, அவள் நகர்ந்த வேகத்துக்கே அடியெடுத்து வைத்து, தொடாமல் பின்னால் நடந்து வந்தான்.